ஏழு மாதக் குழந்தையோடு கூடாரத்தில் இரவு தங்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருக்கு வயது 29. முதல் குழந்தை, பெண். நிறைமாதத்தில் பிறந்தவள், இப்போது ஏழு மாதம், எடை 7.4 கிலோ. தாய்ப்பாலோடு ஒரு மாதமாகக் கேழ்வரகுக் கூழும் மசித்த வாழைப்பழமும் சாப்பிடுகிறாள். கணவரின் கல்லூரி நண்பர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி வாரத்தில், கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவது வழக்கம். கடைசி நான்கு கிலோமீட்டர் ஜீப்பில்தான் போக முடியும். இந்த ஆண்டு மனைவியும் குழந்தையும் வர வேண்டும் என்பது கணவரின் ஆசை.

“வெளிநாட்டில் பத்து நாள் குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்” என்கிறாராம் அவர். “பச்சைக் குழந்தைக்குக் காற்றடித்துவிடும், நான் இருக்கும்வரை நடக்காது” என்கிறார் அத்தை. இருவருக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பெண் தன்னால் முடிந்த ஏற்பாடுகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்: ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கம்பளிச் சட்டை, நெஞ்சிலும் மூக்கிலும் தடவ யூகலிப்டஸ் தைலம், எண்ணெயில் காய்ச்சிய கற்பூரம், கூடாரத்துக்குள் வைக்க ஒரு கரிச் சட்டி, மலைப்பாதையில் குழந்தை தூங்கிவிட ஒரு சளி மருந்து, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன இரண்டு சொட்டு பிராந்தி. “போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று முடிக்கிறார். அதற்குக் கீழே, பேனா மாற்றி எழுதியதுபோல் ஒரு வரி: “குழந்தை பிறந்ததிலிருந்து தடுப்பூசிக்குத் தவிர வாசற்படி தாண்டவில்லை. எனக்கும் கொஞ்சம் வானம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, டாக்டர்.”

அன்புள்ள சகோதரி,

இந்த டிசம்பரில், அந்தத் தோட்டத்தில், கூடாரத்தில் இரவு தங்குவது வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். ஆனால் குழந்தையோடு வெளியே தங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணவரும் அத்தையும் மோதிக்கொள்ளும் இடமும், எனக்குக் கவலை தரும் இடமும் ஒன்றல்ல. மலையின் உயரமோ குழந்தையின் வயதோ பெரிய தடை இல்லை. இரவுக் குளிர், உங்கள் பட்டியலில் உள்ள பொருள்கள், ஆபத்து என்றால் மருத்துவரிடம் போய்ச் சேர ஆகும் நேரம், இந்த மூன்றும்தான் என் கவலை.

உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மலைநோயைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல். நிறைமாதத்தில் பிறந்து, இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும் ஏழு மாதக் குழந்தைக்குக் கொடைக்கானல் காற்று ஒன்றும் செய்யாது. குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் இருந்த குழந்தை, பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

குளிரை எப்படி அறிவது

டிசம்பர் இறுதியில் கொடைக்கானல் மலையில் பின்னிரவில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். கூடாரத் துணி காற்றைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், அதனால் உடல்சூடு நம்மைவிட வேகமாக வெளியேறும். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் குறைவு. “காற்றடித்துவிடும்” என்று அத்தை சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பல தலைமுறையாகக் குழந்தை வளர்த்த பெண்கள் கண்ணால் கண்டதற்கு வைத்த பெயர் அது. காரணத்தை நாம் வேறு விதமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

குளிர்ந்துபோகும் குழந்தை அழுது எழுப்பும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அது அடங்கிப்போகும். பால் குடிக்க மறுக்கும், மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருக்கும். இருட்டில், களைத்த பெற்றோர் “நல்ல வேளை, தூங்கிவிட்டாள்” என்று நினைத்துவிடுவார்கள். என்னைப் பயமுறுத்துவது இதுதான். கை கால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவை சாதாரணமாகவே குளிர்ந்திருக்கும். உள்ளங்கையை நெஞ்சிலும் பிடரிக்குக் கீழேயும் வைத்துப் பாருங்கள். அங்கே குளிர்ந்திருந்தால் குழந்தையின் சட்டையைக் கழற்றி உங்கள் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்வையால் மூடச் சொல்லுங்கள்; பால் கொடுங்கள். பிறகும் குழந்தை சுறுசுறுப்பாகாவிட்டால் மருத்துவமனைதான்.

நான்கு கம்பளிச் சட்டை என்பது மறுபக்கத் தவறு. வியர்த்து நனைந்த உள்சட்டை, பின்னிரவில் குளிர்த் துணியாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் உடல் மிகையாகச் சூடாவதும் குழந்தைக்கு ஆபத்து. நீங்கள் எத்தனை அடுக்கு உடுத்துகிறீர்களோ, அதைவிட ஒன்று கூடுதல் போதும். உள்ளே மெல்லிய பருத்தி, மேலே கம்பளி, காலுறை. வெளியே இருக்கும்போது குல்லா போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். நழுவி மூக்கை மூடிவிடும்.

பட்டியலில் அடித்துவிட வேண்டியவை

உங்கள் பட்டியலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது கரிச் சட்டி. மூடிய இடத்தில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. புகை அடங்கிக் கரி சிவந்து கனிந்த பிறகும் அது வந்துகொண்டுதான் இருக்கும். தலைவலி, மயக்கம், பிறகு எழவே முடியாத தூக்கம். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதை முதலில் தாக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய பயணிகள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். “கொஞ்சம் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்” என்பது பாதுகாப்பே இல்லை. கரிச் சட்டி, கேஸ் அடுப்பு, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. நெருப்பு மூட்டுவதானால் வெளியே, பல அடி தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத திசையில்.

அடுத்தது தைலம். கொடைக்கானல் போய் யூகலிப்டஸ் தைலம் வாங்காமல் திரும்புகிற குடும்பம் இல்லை. பெரியவர்களுக்கு அது இதமாக இருக்கலாம். குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள். சிறு குழந்தைக்கு மூச்சுக்குழல் இறுகலாம். சில மில்லி உள்ளே போனால்கூட வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படியே, அது தோல் வழியாகவும் உள்ளே போகும், விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பை உண்டாக்கக்கூடியது. காய்ச்சல் இல்லாமல் திடீரென்று வலிப்பு வந்த குழந்தையைக் கொண்டுவரும்போது, “தைலம், கற்பூரம் ஏதாவது தடவினீர்களா, குடித்துவிட்டதா?” என்பது நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

பிராந்தியைப் பற்றித் தயங்காமல் சொல்கிறேன்: ஒரு சொட்டும் கூடாது. அது உடலுக்குச் சூடு தருவதில்லை. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே விடுகிறது. குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கியும் விடும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆலோசனையை விட்டுவிடுங்கள்.

பயணத்தில் தூங்கவைக்கச் சளி மருந்தும் வேண்டாம். குளோர்பெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. மயங்கித் தூங்கும் குழந்தை வளைவுகளில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயமும் உண்டு. இந்த வயதில் மலைப்பாதைத் தலைசுற்றல் அரிது என்பதால் அந்த மருந்துக்குத் தேவையே இல்லை.

நீங்கள் பட்டியலில் எழுதாத, ஆனால் மலையில் கட்டாயம் யாராவது நீட்டப்போகும் ஒன்று: மலைத்தேன். ஒரு வயது நிறையும்வரை நாக்கில் தொட்டுவைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச்செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

தூங்கும் இடமும் போகும் வழியும்

கூடாரத்தில் “குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில்” என்று எழுதியிருக்கிறீர்கள். குறுகிய இடம், தடித்த போர்வைகள், காற்றடைத்த மெத்தை, களைத்த தந்தை. இவை நான்கும் சேர்ந்தால் குழந்தையின் முகம் மூடிப்போக வாய்ப்பு அதிகம். காற்று மெத்தையின் குழிவில் குழந்தை கவிழ்ந்தால் மூக்கு புதையும். பெரியவர்களின் தூக்கப்பைக்குள் குழந்தையைச் செருகவே கூடாது. எங்கே தங்கினாலும் சமமான, அழுத்தமான தனி விரிப்பு, மல்லாக்கப் படுக்கை, தலையணை இல்லை, தளர்ந்த போர்வை இல்லை. கைகள் வெளியே வரும்படி அணியும் குழந்தைத் தூக்கச் சட்டை நல்லது. வீட்டில் தூளியில் மட்டுமே தூங்கிப் பழகியவள் என்றால் இப்போதிருந்தே தரையில் பழக்குங்கள்.

காரில் உங்கள் மடி குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் அல்ல. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதம் கிடக்கட்டும். திடீரென்று பிரேக் போட்டால் ஏழு கிலோ குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்துநிறுத்த முடியாது. பின்சீட்டில், பின்புறம் பார்த்தபடி பொருத்தும் இருக்கை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டர் ஜீப்பில் இது எதையும் செய்ய முடியாது. அந்தத் தோட்டம் வேண்டாம் என்பதற்கு அதுவே எனக்குப் போதுமான காரணம். அதே பாதையில் நள்ளிரவில், மூச்சுத்திணறும் குழந்தையோடு கீழே இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். மேல்மலைக் கிராமங்களில் பல இடங்களில் செல்பேசிச் சமிக்ஞை கிடைப்பதில்லை. 108-ஐ அழைக்கவே முதலில் ஒரு மேட்டில் ஏற வேண்டியிருக்கும்.

தோட்டக்காரரிடம் கூடாரம் அடிக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பட்டா நிலம் என்பது மட்டும் போதாது. அது காட்டை ஒட்டியிருந்தால் விலங்குகளுக்கு வேலி தெரியாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண் காட்டுயானை தாக்கி இறந்தார். கொடைக்கானலில் காட்டுமாடுகள் நகரத் தெருக்களிலேயே நடமாடுகின்றன. 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் உண்டு.

உணவு, பூச்சி, காய்ச்சல்

உணவில் உங்களுக்குப் பெரிய பாரம் இல்லை. தாய்ப்பால் தொடரட்டும். கேழ்வரகு மாவையும் வாழைப்பழத்தையும் கொண்டுபோய், அவ்வப்போது தேவையான அளவே செய்து கொடுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொப்பளிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் கூடாது.

பூச்சியில்தான் கவனம் தேவை. புதர், புல்தரை, இலைச்சருகு உள்ள இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணியின் இளம்புழு கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். நம் மாநிலத்தில், குறிப்பாக மழையும் குளிருமான மாதங்களில், இது நிறையவே வருகிறது. கடி வலிக்காது. காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் நீங்கள் மலையையே மறந்திருப்பீர்கள். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், டயப்பரின் ஓரம் என்று தேடிப் பாருங்கள். மலைக்கோ தோப்புக்கோ போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், “புல்லில் உட்கார்ந்திருந்தோம்” என்ற அந்த ஒரு வரியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சரியான மருந்தை உடனே தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும் நோய். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். குழந்தையை நேராகப் புல்லில் விடாமல் விரிப்பில் விடுங்கள், திரும்பியதும் குளிப்பாட்டி உடைகளை வெந்நீரில் துவையுங்கள். கொசுவுக்கு வலைதான் சிறந்தது.

குரங்கு கீறினாலோ கடித்தாலோ மஞ்சள், மிளகாய்ப்பொடி என்று எதையும் வைக்காமல் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். கைக்குழந்தைக்கும் போடலாம். பாம்புக்கடி என்றால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நச்சுமுறிவு மருந்தின் அளவு பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றேதான். “குழந்தைக்கு இங்கே முடியாது” என்று யாராவது அலைக்கழித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பாராசிட்டமால் எடுத்துப் போங்கள். ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் இருக்கும் அளவு வேறு, சிரப்பில் வேறு. இருட்டில் பாட்டில் மாறினால் அளவு பல மடங்காகிவிடும். இன்றைய எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்

முதல் இரவுக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடி போதும். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. கூடாரத்தை மாடியில் அடித்து மூவரும் ஓர் இரவு தூங்குங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கட்டும். கூடாரத்தின் தரையும் ஜிப்பும் முழுமையாக மூடட்டும். குழந்தை எத்தனை முறை எழுகிறாள், இருட்டில் டயப்பர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, யார் எழுந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் பத்துப் படி இறங்கினால் உங்கள் கட்டில்.

டிசம்பர் சந்திப்பைத் தவறவிடக் கூடாது என்று கணவர் விரும்பினால், நீங்கள் மூவரும் கொடைக்கானல் நகருக்குள், அரசு மருத்துவமனைக்கு அருகில், சுவரும் கூரையும் கதவும் உள்ள அறையில் தங்குங்கள். நண்பர்கள் ஒரு பகல் அங்கே வந்து சேரட்டும். பத்து ஆண்டு நட்பு ஒரு பகலுக்காக மலையிறங்கி வரும் என்றே நம்புகிறேன்.

கூடாரமே வேண்டும் என்றால் பிப்ரவரியில், இன்னும் தாழ்ந்த மலைக்குப் போங்கள். உங்களுக்குச் சிறுமலை பக்கம். கீழிறங்கினால் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். காரே கூடாரம்வரை போகக்கூடிய, ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மருத்துவரை எட்டக்கூடிய, அனுமதி பெற்ற இடம் என்பதுதான் என் நிபந்தனை. அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். மார்ச்சில் காடு காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பிப்ரவரியில் ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வரும். அது போட்ட ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதுண்டு, ஆகவே ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவில் இரண்டு வாரம் விடுங்கள்.

கணவரிடம் ஒன்று தெளிவாகப் பேசிவிடுங்கள். வெளிநாட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற தகப்பன், பெரும்பாலும் இரவில் தானும் எழுந்து டயப்பர் மாற்றுகிறான். நண்பர்களோடு நெருப்பைச் சுற்றி அவர் உட்கார்ந்திருக்க, குளிர்ந்த கூடாரத்துக்குள் நீங்கள் மட்டும் குழந்தையோடு விழித்திருப்பதற்குப் பெயர் பயணம் அல்ல. போகும் இரவுகளில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பது, அன்று அவர் மது அருந்தாமல் இருப்பது, இரண்டுக்கும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஏழு மாதமாக வாசற்படி தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துவிட்டேன். குழந்தையை வெளியே கொண்டுபோக எந்த மருத்துவக் காரணமும் தடையில்லை. நாளை மாலையே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளம்வரை போய்வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தை காற்றில் சிரிப்பதை அவரும் பார்க்கட்டும். ஆனால் வெளியே போன பிறகும் மனம் கனத்தே இருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, தாய்ப்பாலை நிறுத்தாமலே பெறக்கூடிய சிகிச்சையும் உண்டு. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். ஒன்பது மாத ஊசிக்குப் போகும் அன்று குழந்தையின் எடையைக் குறித்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். உங்களைப் பற்றியும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.